புள்ளிக்கோட்டின் கதை: லாப்ரடாரின் பழைய ஆற்று வரைபடங்களைப் படித்து இன்றைய நிலத்தோடு பொருத்த ஒரு முழுமையான வழிகாட்டி

1903ஆம் ஆண்டு ஜூலை மாதம் லியோனிடஸ் ஹப்பர்டு என்ற நியூயார்க் பத்திரிகையாளர், டில்லன் வாலஸ், ஜார்ஜ் எல்சன் ஆகிய இருவரோடு கனடாவின் லாப்ரடார் தீபகற்பத்திலுள்ள கிராண்ட் ஏரியில் படகைச் செலுத்திக்கொண்டிருந்தார். அவரிடம் இருந்த வரைபடத்தில் அந்த ஏரியின் தலைமாட்டில் ஒரே ஓர் ஆறு வந்து விழுந்தது. அதுவும் புள்ளிக்கோடாக வரையப்பட்டிருந்தது. உண்மையில் அங்கே பல ஆறுகள் விழுகின்றன. அவர்கள் தேடிய நாஸ்கோப்பி ஆற்றின் வாயைக் கவனிக்காமல் கடந்துபோய், சூசன் என்னும் சிற்றோடையில் ஏறினார்கள். வாரக்கணக்கில் பாறைகளுக்கிடையே படகை இழுத்துச் சென்று, செப்டம்பரில் மிச்சிகமாவ் ஏரியைத் தொலைவிலிருந்து கண்ணால் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிய அக்குழுவில், அக்டோபர் 18 அன்று ஹப்பர்டு தம் கூடாரத்திலேயே பட்டினியால் இறந்தார்.

அந்த வரைபடம் பொய் சொல்லவில்லை. கனடாவின் நிலவியல் அளவைத் துறையைச் சேர்ந்த ஆல்பர்ட் பீட்டர் லோ, 1893 முதல் 1895 வரை அத்தீபகற்பத்தில் 5,000 மைலுக்கும் மேல் படகிலும் நாய்வண்டியிலும் நடையாகவும் சுற்றித் தயாரித்தது அது. தாம் போகாத இடத்தை அவர் புள்ளியிட்டுத்தான் காட்டியிருந்தார். படித்தவர்களோ புள்ளியையும் முழுக்கோடு போலவே நம்பிவிட்டார்கள். பழைய இடவமைப்பு வரைபடங்களைக் கையாளும் எவரும் இந்த ஒரு பிழையைத் தவிர்த்தாலே பாதி வேலை முடிந்தது போலாகும் என்பது என் எண்ணம். ஆகவே, ஒவ்வொரு கோட்டையும் பார்க்கும்போது “இதை வரைந்தவர் எங்கே நின்றார், எதைக் கொண்டு அளந்தார்” என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டே இவ்வழிகாட்டி செல்லும். எடுத்துக்காட்டுக்கு நாஸ்கோப்பி, ஜார்ஜ் ஆகிய இரண்டு ஆறுகளை வைத்துக்கொள்கிறேன். இவற்றின் வரைபட வரலாறு சிறியது, தெளிவானது, நடுவில் ஒரு பெரிய நீர்த்தேக்கம் வந்து எல்லாவற்றையும் கலைத்துப் போட்டதும்கூட.

படி 1: ஆற்றை மட்டும் எடுக்காமல் வடிநிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள்

நம் ஊர் ஆறுகளைப் போல, மலையில் பிறந்து கிளைகளைச் சேர்த்துக்கொண்டு ஒழுங்காகக் கடலுக்கு இறங்கும் அமைப்பு லாப்ரடாரின் உள்நிலத்தில் கிடையாது. கடைசிப் பனியுகத்தில் பனிப்பாளம் சுரண்டிவிட்டுப் போன பாறைமேடு அது. அங்கே ஆறு என்பது பெரும்பாலும் ஏரிகளின் சங்கிலிதான். ஓர் ஏரி நிரம்பி வழிந்து, குறுகிய பாய்ச்சலாக அடுத்த ஏரியில் விழுகிறது. எந்த ஏரி எந்தப் பக்கம் வழிகிறது என்பதை ஒரு சில மீட்டர் உயர வேறுபாடே தீர்மானிக்கிறது. நீரை இரு பக்கமாகப் பிரிக்கும், நீர்ப்பிரிமேடு என்று சொல்லப்படும் இடத்தில் மேடு என்று ஒன்று கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கலாம். சதுப்பில் இரண்டு குட்டைகளுக்கு நடுவிலுள்ள சில நூறு தப்படி நிலம்தான் அது.

நாஸ்கோப்பி, மிச்சிகமாவ் ஏரிப் பக்கத்திலிருந்து கிழக்கு நோக்கிச் சீல் ஏரி வழியாக கிராண்ட் ஏரியில் விழுகிறது. நீர்ப்பிரிமேட்டுக்கு அப்பால் பிறக்கும் ஜார்ஜ் ஆறு ஏறத்தாழ 565 கிலோமீட்டர் வடக்கே ஓடி உங்காவா விரிகுடாவில் கலக்கிறது. கனடாவின் தேசிய இடவமைப்பு வரைபடத் தொகுதியில் இவ்விரண்டையும் 13, 23, 24 ஆகிய எண்களைக் கொண்ட பெருங்கட்டங்களில் தேட வேண்டும். இந்த அட்சரேகைகளில் ஒவ்வொரு பெருங்கட்டமும் 8 பாகை அகலமும் 4 பாகை உயரமும் கொண்டது. அது A முதல் P வரையிலான 16 ஆங்கில எழுத்துகளால் 16 தாள்களாகப் பிரிகிறது. அவை 1:2,50,000 அளவையில் உள்ளவை. அவற்றுள் ஒவ்வொன்றும் மறுபடி 16 ஆகப் பிரிந்து 1:50,000 அளவைத் தாள்களைத் தருகிறது. முதலில் 1:2,50,000 தாள்களை மட்டும் எடுத்து, இரண்டு ஆறுகளின் நீர்ப்பிரிக்கோட்டையும் பென்சிலால் வரைந்துவிடுங்கள். 1:50,000 தாள்களுக்கு உடனே போனால் ஏரிகளின் கூட்டத்தில் திசை தெரியாமல் போய்விடும்.

படி 2: நான்கு தலைமுறைப் படங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

முதல் தலைமுறை, லோவின் 1896ஆம் ஆண்டு அறிக்கையோடு வெளிவந்த படம். இரண்டாவது, இறந்துபோன ஹப்பர்டின் மனைவி மினா ஹப்பர்டு 1905இல் மேற்கொண்ட பயணத்தின் படம். அது 1906இல் அமெரிக்கப் புவியியல் சங்கத்தின் இதழில் அவருடைய கட்டுரையோடும், பின்னர் 1908இல் அவருடைய பயண நூலிலும் வெளிவந்தது. மூன்றாவது தலைமுறை, வான்படங்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கீழ்நோக்கி ஒன்றும் இரு பக்கமும் சாய்வாக ஒவ்வொன்றுமாக மூன்று கேமராக்களை விமானத்தில் பொருத்தி, ஓர் அடிவானத்திலிருந்து மறு அடிவானம் வரை படம் பிடிக்கும் முறை கனடாவின் வடபகுதியை வரைவதற்குப் பெரிதும் பயன்பட்டது. ஒட்டாவாவிலுள்ள தேசிய வான்பட நூலகத்தில் அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. நான்காவது, தேசியத் தொகுதியின் அச்சுத் தாள்களும் 1972இலிருந்து கிடைக்கும் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களும்.

தேசியத் தொகுதியின் தாள்களைக் கனடா அரசு இணையத்தில் இலவசமாகவே தருகிறது. ஒரே தாளுக்குப் பல பதிப்புகள் இருக்கும். புதியதைத் தரவிறக்கியதோடு நின்றுவிடாமல், 1971க்கு முந்தைய பதிப்பு எதற்கெல்லாம் கிடைக்கிறதோ அதையும் தேடி எடுங்கள். காரணம் படி 7இல் வரும். நூல்களுக்குள் மடித்து ஒட்டப்பட்ட படங்களின் பிரதியாக இருந்தால், மடிப்பு முழுமையாக விரிக்கப்பட்டு நகலெடுக்கப்பட்டதா என்று பாருங்கள். மடிப்போரத்தில் மறைந்த இரண்டு மில்லிமீட்டர், சிறிய அளவைப் படத்தில் பல கிலோமீட்டராகிவிடும்.

படி 3: கோடுகளைச் சான்றின் தரப்படி பிரியுங்கள்

பழைய படத்தின் மேல் ஒரு தெளிதாளை வைத்து, அல்லது கணினியில் புதிய அடுக்கு ஒன்றைத் திறந்து, நான்கு நிறங்களில் கோடுகளை மறுபடி வரையுங்கள். அளந்து கண்டது ஒரு நிறம். அளக்காமல் கண்ணால் மட்டும் கண்டது, எடுத்துக்காட்டாகப் படகிலிருந்து பார்த்த எதிர்க்கரை, தொலைமலை, கிளையாற்றின் வாய் ஆகியவை, இன்னொன்று. அங்கே வாழ்பவர்களிடம் கேட்டு வரைந்தது மூன்றாவது. முந்தைய படத்திலிருந்து அப்படியே எடுத்தது நான்காவது.

இதற்குப் பயணக் குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஆக வேண்டும். படம் மட்டும் போதாது. மினா ஹப்பர்டு 1905 ஜூன் 27 அன்று நார்த் வெஸ்ட் ரிவர் வணிக நிலையத்திலிருந்து புறப்பட்டு, ஆகஸ்ட் 27 அன்று ஜார்ஜ் ஆற்று முகத்துவார நிலையத்தை அடைந்தார். அவருடன் சென்றவர்கள் ஜார்ஜ் எல்சன், ஜோப் சாப்பிஸ், ஜோசப் இசர்ஹாஃப், கில்பர்ட் பிளேக் ஆகிய நால்வர். அவர்களுள் பிளேக் அவ்வூர் வேட்டைக்காரர். நாஸ்கோப்பியில் சீல் ஏரி வரையிலான பகுதியை அவரைப் போன்றவர்கள் ஏற்கெனவே அறிந்திருந்தார்கள். ஆகவே அதுவரையுள்ள கோடு, வழி தெரிந்தவர் துணையுடன் அளந்த கோடு. அதற்கு மேல் அவர்களுக்கும் புதிய இடம். மிச்சிகமாவ் ஏரிக்கோ லோவின் படம் இருந்தது. ஒரே தாளில், ஒரே மையில், ஒரே தடிமனில் அச்சான கோட்டுக்குள் இப்படி மூன்று வகைச் சான்றுகள் ஒளிந்திருக்கின்றன.

கரையிலிருந்து உள்ளே எவ்வளவு தூரத்துக்குப் படம் செல்லுபடியாகும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆற்றுப்பயணப் படங்களில் நிலம் என்பது ஆற்றின் இருபுறமும் ஒரு ரிப்பன் அளவுக்குத்தான் உண்டு. அந்த ரிப்பனுக்கு வெளியே தெரியும் மலைக்குறிகள் பெரும்பாலும் வெற்றிடத்தை நிரப்ப வரைந்தவை. மலையேறிப் பார்த்த இடங்களில் மட்டும் ரிப்பன் சற்று அகலமாகும்.

படி 4: எதைக் கொண்டு, எவ்வாறு அளந்தார்கள் என்பதைக் கண்டறியுங்கள்

இங்கேதான் நேரத்தைச் செலவிட வேண்டும். ஒவ்வொரு கருவிக்கும் தனக்கே உரிய பிழை உண்டு. அந்தப் பிழையின் திசையும் அளவும் தெரிந்தால், படம் எங்கே கோணும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

அட்சரேகையிலிருந்து தொடங்குவோம். செக்ஸ்டன்ட் கருவி சூரியனுக்கும் அடிவானத்துக்கும் இடையிலுள்ள கோணத்தை அளக்கும். கடலில் அடிவானம் தெரியும், காட்டாற்றில் தெரியாது. ஆகவே ஒரு சிறிய தட்டில் பாதரசத்தை ஊற்றி, காற்று படாமல் கண்ணாடிக் கூரையிட்டு மூடி, அந்தப் பாதரசப் பரப்பில் தெரியும் சூரியனின் பிம்பத்தையும் வானத்துச் சூரியனையும் கருவிக்குள் ஒன்றோடொன்று தொடவைப்பார்கள். கிடைக்கும் கோணம் சூரியனின் உயரத்தைப் போல இரு மடங்கு. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஜூலை 10ஆம் தேதி நண்பகலில் 116 பாகை 30 கலை (கலை என்பது ஒரு பாகையில் 60இல் ஒரு பங்கு) என்று கருவி காட்டியதாக வைத்துக்கொள்வோம். பாதி 58 பாகை 15 கலை. 90 பாகையிலிருந்து அதைக் கழித்தால் 31 பாகை 45 கலை. அன்று சூரியன் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 22 பாகை 15 கலையில் இருக்கும். அதைக் கூட்டினால் நாம் நிற்குமிடம் 54 பாகை வடக்கு. ஒளிவிலகல் முதலிய சிறு திருத்தங்களை இங்கே விட்டுவிட்டேன்.

ஒரு கலை, அட்சரேகையில் 1.85 கிலோமீட்டருக்குச் சமம். கருவியில் இரண்டு கலை தவறினாலும், கோணம் பாதியாக்கப்படுவதால் இடத்தில் ஒரு கலைதான் தவறும். கொசுக்களும் கருப்பு ஈக்களும் முகத்தை மொய்க்க, பாதரசம் காற்றில் நடுங்க எடுத்த அளவு என்றாலும், வடக்குத் தெற்குத் திசையில் பிழை சில கிலோமீட்டருக்குள் நிற்கும் என்று எதிர்பார்க்கலாம்.

தீர்க்கரேகை அப்படியல்ல; அதற்குச் சரியான நேரம் தெரிய வேண்டும். பூமி ஒரு மணி நேரத்துக்கு 15 பாகை சுழல்கிறது; ஒரு நிமிடம் தவறினால் கால் பாகை. 54ஆம் அட்சரேகையில் ஒரு பாகைத் தீர்க்கரேகை சுமார் 65 கிலோமீட்டர் என்பதால், கடிகாரத்தின் ஒரு நிமிடப் பிழை படத்தில் 16 கிலோமீட்டர் கிழக்கு மேற்குப் பிழையாக மாறுகிறது. படகில் குலுங்கி, பாய்ச்சலில் நனைந்து, இரண்டு மாதம் எந்த நேரக் குறிப்புடனும் ஒப்பிட முடியாமல் ஓடிய கடிகாரம் ஒரு நிமிடம் பிந்துவதில் வியப்பில்லை. ஆகையால் இத்தகைய பயணங்களில் கிழக்கு மேற்குத் தூரத்துக்கு, ஏற்கெனவே நிலைநிறுத்தப்பட்ட இடங்களையும் திசைகாட்டியையும்தான் பெரிதும் நம்ப வேண்டியிருந்தது.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பயனுள்ள முடிவு கிடைக்கிறது. ஜார்ஜ் ஆறு வடக்கு நோக்கி ஓடுகிறது. அதன் வழியில் எடுக்கும் ஒவ்வோர் அட்சரேகையும் கடந்த தூரத்தைச் சரிபார்க்கிறது. நாஸ்கோப்பிப் பயணமோ மொத்தத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஏறத்தாழ நான்கு பாகைத் தீர்க்கரேகையைக் கடப்பது; அங்கே அட்சரேகை நமக்குத் தூரத்தைச் சொல்லாது. எனவே ஒரே பயணி, ஒரே கருவியோடு வரைந்த ஒரே படத்தில் ஜார்ஜ் பகுதி நாஸ்கோப்பிப் பகுதியைவிட உறுதியானதாக இருக்க வேண்டும். நாஸ்கோப்பிக்கு இருந்த ஆறுதல், அதன் கீழ்முனையில் வணிக நிலையமும் மேல்முனையில் லோவின் மிச்சிகமாவும் என இரு நிலையான இடங்கள் இருந்ததுதான்.

தூரத்தை அளக்க நிலவியல் துறையினர் ரோஷோன் நுண்ணளவித் தொலைநோக்கி போன்றவற்றைப் பயன்படுத்தினார்கள். தெரிந்த இடைவெளியில் இரண்டு வட்டத்தட்டுகளைக் கட்டிய ஒரு கோலை முன்னே செல்லும் படகு கரையில் நட, பின்னே நிற்பவர் அத்தட்டுகள் கண்ணில் ஏற்படுத்தும் கோணத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடுவார். அது கிடைக்காத இடத்தில் திசைகாட்டியும் கைக்கடிகாரமும் மட்டுமே. “இன்ன திசையில் இத்தனை நிமிடம், வேகம் இவ்வளவு” என்று ஏட்டில் எழுதிக்கொண்டே போவதுதான். நீரோட்டத்தை எதிர்த்துக் கோலூன்றிச் செல்பவர் ஒரு மைலைப் பல மைலாக உணர்வார். பாய்ச்சலோடு இறங்குபவர் பல மைலை ஒன்றாக உணர்வார். மினா ஹப்பர்டின் குழு நாஸ்கோப்பியில் எதிர்நீச்சலாக ஏறி, ஜார்ஜில் நீரோடு இறங்கியது. எனவே நீர்ப்பிரிமேட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு சாய்வும் அந்தப் பக்கம் எதிர்ச் சாய்வும் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். அவர் குறித்த மொத்தத் தூரம் 576 மைல். முழுத் தொகையை மட்டும் இன்றைய படத்தோடு ஒப்பிட்டால் இரு சாய்வுகளும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும். பகுதி பகுதியாக ஒப்பிட வேண்டும்.

திசையில் ஒரு பெரிய பொறி உண்டு. லாப்ரடாரில் காந்த ஊசி மெய்வடக்கிலிருந்து மேற்கே வெகுவாக விலகி நிற்கும். 1900களின் தொடக்கத்தில் அந்த விலக்கம் 30 பாகைக்கும் மேல். இன்று அது 20 பாகை அளவுக்கு இறங்கிவிட்டது. பழைய ஏட்டில் “வடமேற்கு” என்று எழுதியிருந்தால் அது காந்த வடமேற்கா, மெய்யான வடமேற்கா என்று தெரியாமல் கோட்டைப் பொருத்தாதீர்கள். போதாக்குறைக்கு லோ கண்டுபிடித்த இரும்புத்தாதுப் படிவங்கள் இதே தீபகற்பத்தின் மேற்குப் பகுதியில்தான் உள்ளன. அவற்றருகே ஊசியே தடுமாறும்.

உயரங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காற்றழுத்தமானியில் ஒரு மில்லிபார் மாற்றம் சுமார் 8 மீட்டர் உயரத்துக்குச் சமம். ஒரு புயல் வந்து 20 மில்லிபார் இறங்கினால் நின்ற இடத்திலேயே 160 மீட்டர் ஏறியதாகக் கருவி காட்டும். கரையோர நிலையத்தில் அதே நேரத்தில் எடுத்த அளவு இல்லாவிட்டால், பழைய படத்திலுள்ள உயர எண்களை ஒன்றுக்கொன்று ஒப்பிடலாமே தவிர, கடல்மட்டத்திலிருந்து என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

படி 5: பெயர்களை அளவுச் சான்றாகவே நடத்துங்கள்

பெயர்களை அலங்காரமாக நினைத்துக் கடைசிக்குத் தள்ளுபவர்கள் உண்டு, அது தவறு. இந்த நிலத்தின் இன்னு மக்களின் மொழியில் ‘ஷிப்பு’ என்றால் ஆறு, ‘நிப்பி’ என்றால் ஏரி. ஜார்ஜ் ஆற்றை அவர்கள் மரமில்லா வெளியின் ஆறு என்ற பொருளில் முஷுவாவ்-ஷிப்பு என்கிறார்கள். 1811இல் உங்காவா விரிகுடாவுக்கு வந்த மொராவியச் சமயப் பணியாளர்கள் பிரிட்டன் மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பெயரைச் சூட்டினார்கள். மிச்சிகமாவ் என்பது மெஷிகமாவ் என்ற இன்னுச் சொல்லின் திரிபு. பெரிய ஏரி என்று பொருள். நாஸ்கோப்பி ஆற்றுக்கு அவர்கள் வழங்கும் பெயர் மெஷிகமாவ்-ஷிப்பு. அதாவது, மெஷிகமாவ் ஏரியின் ஆறு.

இந்தப் பெயரை ஒரு கணம் நிறுத்திப் பாருங்கள். நாஸ்கோப்பியும் நார்த்வெஸ்ட் ஆறு என்று படத்தில் காட்டப்பட்டதும் வேறுவேறல்ல, ஒன்றே என்பதும், அது மிச்சிகமாவின் நீரைச் சுமந்து வருகிறது என்பதும் மினா ஹப்பர்டு தம் பயணத்தின் முக்கியமான முடிவுகளாகச் சொன்னவை. எந்த ஏரியின் நீர் எந்த ஆற்றில் போகிறது என்ற அந்தக் கேள்விக்கான விடை, அங்கே வாழ்ந்தவர்கள் அந்த ஆற்றை அழைத்த பெயருக்குள்ளேயே இருந்தது. எனவே பழைய படத்துப் பெயர், இன்றைய அரசுப் பெயர், இன்னுப் பெயர், அதன் பொருள் என்று நான்கு பத்திகள் கொண்ட ஓர் அட்டவணையை உருவாக்குங்கள். லாப்ரடார் இன்னு மக்களே தொகுத்த ஒலிப்பதிவுடன்கூடிய இடப்பெயர்த் தொகுப்பு இணையத்தில் உள்ளது. பயணிகள் தம் உறவினர்களுக்காகவும் நண்பர்களுக்காகவும் வைத்த பெயர்கள் நிலத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஆனால் அவர் எங்கே நின்றார் என்பதைச் சொல்லும் என்பதால் அவற்றையும் விட்டுவிடாதீர்கள்.

தூரத்துக்கும் உள்ளூர் அலகு உண்டு. ஜார்ஜ் ஆற்றின் நடுப்பகுதியில் மினாவின் குழு நாஸ்காபி என்னும் பழங்குடியினரின் முகாம் ஒன்றைச் சந்தித்தபோது, விரைவாகப் போனால் ஐந்து இரவு தூங்குவதற்குள் கடற்கரை நிலையத்தை அடைந்துவிடலாம் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. அவர்கள் ஏறத்தாழ ஒரு வாரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். ‘தூக்கம்’ என்ற அந்த அலகு, நீரோட்டத்தையும், படகைத் தூக்கிச் சுமந்து கடக்க வேண்டிய சுமைத்தடங்களையும் சேர்த்தே எண்ணுவது. மைலைவிடப் பயணிக்கு அது பயனுடையது.

படி 6: புவிப்பொருத்தம் செய்யுங்கள்

இப்போது பழைய படத்தைக் கணினியில் இன்றைய படத்தின் மேல் உட்கார வைக்கலாம். கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளிலேயே இதற்கான கருவி உள்ளது. முதலில் பழைய படத்தில் அச்சாகியுள்ள அட்சரேகை தீர்க்கரேகைக் குறுக்குவெட்டுகளை மட்டும் கொண்டு பொருத்துங்கள்; இதனால் தாளின் சுருக்கமும் நகலெடுப்பின் கோணலும் சரியாகும். அப்போது தெரியும் விலகல்தான் வரைந்தவரின் உண்மையான பிழை. அதை ஒரு பிரதியாகச் சேமித்து வையுங்கள். அதன் பிறகே நிலக்குறிகளைக் கொண்டு இரண்டாவது பொருத்தத்துக்குப் போகலாம்.

நான் முதன்முதலில் இவ்வரிசையை மதிக்கவில்லை. எடுத்த எடுப்பில் பதினைந்து நிலக்குறிகளைப் போட்டு, படத்தை வளைத்துப் பொருத்தும் கணக்குமுறையான பல்லுறுப்புக்கோவையில் மூன்றாம் படியைத் தேர்ந்தெடுத்தேன். திரையில் விலகல் எண்கள் மிக அழகாகக் குறைந்தன. ஆனால் குறிகள் இல்லாத ஓரத்தில் ஏரிகள் புளித்த மாவு போல் பொங்கி வழிந்தன, ஆறு தன்னைத் தானே வெட்டிக்கொண்டது. இந்தக் கணக்குமுறையின் முதல் படிக்கு மூன்று குறிகளும் இரண்டாம் படிக்கு ஆறும் மூன்றாம் படிக்குப் பத்தும் குறைந்தபட்சம் வேண்டும் என்பது விதி. ஆனால் ரிப்பன் போன்ற படத்துக்கு எத்தனை குறி போட்டாலும் அவை ஒரே வரிசையில்தான் அமையும் என்பதால் முதல் படியைத் தாண்டாமல் இருப்பது நல்லது. ஆற்றை மூன்று நான்கு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியே முதல் படியில் பொருத்தினால் பிழையின் போக்கும் துலங்கும்.

நிலக்குறியாக எதை எடுப்பது? பாறை நீர்வீழ்ச்சி, ஏரியின் வெளிவாய், பெரிய கிளையாற்றின் சேருமிடம், தனித்து நிற்கும் குன்று ஆகியவை நல்லவை. மணல்தீவு, சதுப்புக்கரை, ஆற்றுவளைவின் முனை ஆகியவை வேண்டாம். கிராண்ட் ஏரியின் தலைப்பகுதியில் நாஸ்கோப்பியின் வாயைக் குறியாக எடுக்கும் முன் 1:50,000 தாளில் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்; ஹப்பர்டு ஏன் தவறவிட்டார் என்பது படகின் மட்டத்திலிருந்து யோசித்தால் புரிந்துவிடும்.

இருபதாம் நூற்றாண்டுத் தாள்களிலும் ஒரு எச்சரிக்கை தேவை. பழைய பதிப்புகள் 1927ஆம் ஆண்டு வட அமெரிக்க ஆதாரத்தையும் (இட எண்களைக் கணக்கிட அடிப்படையாகக் கொள்ளும் அளவைச் சட்டகம்) புதியவை 1983ஆம் ஆண்டு ஆதாரத்தையும் கொண்டவை. தாளின் ஓரத்தைப் படிக்காமல் கட்ட எண்களைக் கலந்துவிட்டால் வடக்குத் தெற்கில் 200 மீட்டருக்கும் மேல் நகர்ந்துவிடும். லோவின் கோட்டோடு ஒப்பிடும்போது அது ஒன்றுமில்லை. வான்படத்தோடு ஒப்பிடும்போது அது ஒரு முழுப் பாய்ச்சலின் நீளம்.

படி 7: படம் தவறா, நிலம் மாறியதா என்று பிரித்தறியுங்கள்

பழைய படத்தில் மிச்சிகமாவ் ஏரி தனியாக, தெளிவான கரையோடு இருக்கும். இன்றைய படத்தில் அந்த இடத்தில் ஸ்மால்வுட் நீர்த்தேக்கம் பரந்து கிடக்கும். பரப்பு சுமார் 6,527 சதுர கிலோமீட்டர். சர்ச்சில் நீர்வீழ்ச்சி மின்திட்டத்துக்காக ஒரே பெரிய அணை கட்டாமல், பீடபூமியின் விளிம்பிலுள்ள தாழ்வுகளை 88 கரைகளால், மொத்தம் 64 கிலோமீட்டர் நீளத்துக்கு அடைத்து, நூற்றுக்கணக்கான ஏரிகளை ஒன்றாக்கினார்கள். 1971இல் மின்சாரம் வரத் தொடங்கியது. நாஸ்கோப்பியின் தலைநீரும் ஓர்மா, சைல் ஏரிகளருகே அடைக்கப்பட்டுச் சர்ச்சில் ஆற்றின் பக்கம் திருப்பப்பட்டது. இன்னுக் குடும்பங்களின் வேட்டை நிலங்களும் புதைகுழிகளும் அவர்கள் விட்டுவைத்திருந்த படகுகளும் பொறிகளும் நீருக்குள் போயின.

இதனால் மினா ஹப்பர்டின் படத்தைச் சரிபார்க்க இன்றைய செயற்கைக்கோள் படம் பாதிக்கு மேல் உதவாது. லேண்ட்சாட் 1972இல்தான் ஏவப்பட்டது. அதற்குள் நீர் ஏறத் தொடங்கிவிட்டது. 1971க்கு முந்தைய வான்படங்களும் தாள்களும் இங்கேதான் கைகொடுக்கின்றன. பழைய படத்தை முதலில் அவற்றோடு பொருத்திவிட்டு, பிறகு அவற்றை இன்றைய படத்தோடு பொருத்துங்கள். நடுவிலுள்ள படியைத் தாண்டக் கூடாது. கீழ்நாஸ்கோப்பியில் நீர் குறைந்துவிட்டது என்பதையும் மறக்காதீர்கள். 1905இல் அகலமாகக் குறிக்கப்பட்ட கால்வாய் இன்று ஒடுங்கியிருந்தால், அது பயணியின் மிகை அல்ல. பெயரும் மாறியிருக்கிறது: லோவின் படத்தில் ஹாமில்டன் ஆறு என்றிருப்பது 1965 முதல் சர்ச்சில் ஆறு.

படி 8: உங்கள் படத்தை வரையுங்கள்

கடைசியில் உருவாகும் ஒப்பீட்டுப் படத்தில் மூன்று அடுக்குகள் போதும்: 1971க்கு முந்தைய நிலம், இன்றைய நீர்ப்பரப்பு, பழைய பயணியின் கோடு. பயணியின் கோட்டைப் படி 3இல் பிரித்த நான்கு நிறங்களிலேயே விடுங்கள். அழகுக்காக ஒரே நிறமாக்கிவிடாதீர்கள். அங்கங்கே சிறு அம்புகளால் விலகலின் திசையையும் கிலோமீட்டரையும் காட்டுங்கள். அம்புகள் ஒரே பக்கம் சாய்ந்தால் அது கடிகாரத்தின் பிழையாக இருக்கலாம். படிப்படியாக நீண்டால் தூரக் கணிப்பின் பிழை. ஓரிடத்தில் திடீரென்று திரும்பினால் அங்கே ஊசியையோ, ஏட்டையோ சந்தேகியுங்கள்.

நீர்ப்பிரிக்கோட்டைத் தடித்த கோடாகப் போடும் முன் ஒருமுறை யோசியுங்கள். 1927இல் பிரிட்டிஷ் பேரரசின் உச்ச முறையீட்டு மன்றமாக இருந்த, லண்டனிலுள்ள பிரிவி கவுன்சிலின் நீதிக்குழு, கனடாவுக்கும் அன்று தனி நாடாக இருந்த நியூஃபவுண்ட்லாந்துக்கும் இடையிலான லாப்ரடார் எல்லையைப் பெரும்பகுதியும் இந்த நீர்ப்பிரிமேட்டை வைத்தே முடிவு செய்தது. அன்று அந்த மேட்டின் பெரும்பகுதியை யாரும் அளந்திருக்கவில்லை. சதுப்பில் இரு குட்டைகளுக்கு நடுவே ஓடும் அக்கோடு, பல இடங்களில் வான்படம் வந்த பிறகே தாளில் உறுதியானது. உங்கள் படத்திலும் வான்படத்தில் நீங்களே பார்த்து உறுதி செய்த பகுதியை மட்டும் முழுக்கோடாக வரைந்து, மீதியைப் புள்ளியாகவே விடுங்கள். புள்ளி என்றால் என்ன பொருள் என்பதைப் படத்தின் மூலையில், கண்ணில் படும் அளவு எழுத்தில் எழுதிவையுங்கள்.